வெட்டினது யாரென்று ஊருக்கே தெரியும், பிறகென்ன வழக்கு?

மட்டக்களப்பில் கோட்டு வளவுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு ஒரு மாமி என்னிடம் கேட்டார்: "பட்டப்பகலில நடந்தது மனே, பத்துப் பேர் கண்டது, அவனே போய்ப் பொலிசில சரணடைஞ்சவன், பிறகு என்னத்துக்கு இத்தினை தவணை?"

அன்றைக்கு நான் ஏதோ சமாளித்து அனுப்பினேன். சரியான பதிலைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் ஒரு அரை நாளாவது வேண்டும், தேத்தண்ணி ஆறிப்போகும்.

நான் உட்கார்ந்து பார்த்த கொலை வழக்குகளில் "யார் செய்தது" என்று பெரிய சண்டை நடந்தது குறைவு. காணிச் சண்டை, வரம்புச் சண்டை, குடித்துவிட்டு மச்சானோடு முட்டிக்கொண்டது, இவற்றில் ஆள் யார் என்பது முதல் நாளே தெரியும். வழக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு கேள்வி. அடிக்கிற அந்த நொடியில் அவன் மனதில் என்ன இருந்தது? மற்ற ஆள் செத்தது அந்த அடியால்தானா? இரண்டையும் அரச தரப்புத்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். ஒன்றை நிரூபித்தால் மற்றது தானாக வந்துவிடாது. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சட்டத்தை வெறுமனே சொன்னால் விளங்காது, அதனால் ஒரு கற்பனைச் சம்பவம். சிறுபோகம். உன்னிச்சைப் பக்கம் ஒரு வட்டை. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல்வயல்காரர் வாய்க்காலைக் கட்டித் தன் பக்கம் திருப்ப, கீழ்வயல்காரர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்து அந்தக் கட்டை வெட்டி விடுகிறார். வாய்த்தர்க்கம், பிறகு தாய் தகப்பனை இழுத்துப் பேச்சு. மேல்வயல்காரர் கையில் மண்வெட்டி. ஓங்கி ஒன்று போடுகிறார், அது மற்றவரின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டுகிறது. வெட்டுப்பட்டவருக்கு வயது 58, பல வருடமாகச் சீனி வருத்தம். ஊர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, தையல், மருந்து, ஐந்தாம் நாள் காய்ச்சல். காயம் பழுத்துக் கிருமி இரத்தத்தில் ஏறி 19ஆம் நாள் ஆள் முடிந்துபோகிறார்.

கொலையா?

ஊர் "ஓம்" என்று சொல்லும். சட்டம் ஒரு ஏணியை எடுத்து வைக்கும்.

நம் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு வந்தது, 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதினார்கள். அதனால்தான் நம் நீதிமன்றங்களில் இந்தியத் தீர்ப்புகளும் அடிக்கடி காதில் விழும். அதில் 293ஆம் பிரிவு குற்றமுறையான மனிதக்கொலை என்றால் என்ன என்று சொல்கிறது. 294ஆம் பிரிவு அதில் எது கொலை என்று பிரித்தெடுக்கிறது. கொலையென்றால் 296இன் கீழ் மரண தண்டனை, தீர்ப்பில் வேறு தெரிவு கிடையாது. 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை என்பது வேறு கதை, தீர்ப்பு அப்படித்தான் வாசிக்கப்படும். கொலையாகாத மனிதக்கொலை என்றால், கோட்டு வளவில் கைமோசக் கொலை என்பார்களே அதுதான், 297ஆம் பிரிவு. எண்ணத்தோடு செய்திருந்தால் 20 வருடம் வரை, மரணம் வரக்கூடும் என்ற அறிவோடு மட்டும் செய்திருந்தால் 10 வருடம் வரை. அதற்கும் கீழே 298, கவனயீனத்தால் மரணம், 5 வருடம் வரை. செத்தது ஒரே ஆள், கிடப்பது ஒரே பிரேதம். தூக்கு மரத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் முழுவதும் அடித்தவனின் மண்டைக்குள் இருந்த ஒன்றை வைத்து அளக்கப்படுகிறது.

294 சொல்கிற கொலை நான்கு வகை. கொல்ல வேண்டும் என்றே செய்தது முதலாவது. கொல்ல நினைக்காவிட்டாலும், இந்த ஆளுக்கு இந்தக் காயம் மரணத்தைக் கொண்டுவரக்கூடும் என்று தெரிந்தே அந்தக் காயத்தை விளைவிக்க நினைத்தது இரண்டாவது. மூன்றாவதில்தான் அதிகம் மினைக்கெடுகிறார்கள்: ஒரு காயத்தை விளைவிக்கும் எண்ணம், அந்தக் காயம் இயற்கையின் சாதாரண போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமானதாக இருத்தல். நான்காவது, யாரையும் குறிவைக்காவிட்டாலும், இதைச் செய்தால் அநேகமாக ஆள் சாகும் என்று தெரிந்தும் ஒரு நியாயமும் இல்லாமல் அந்த ஆபத்தான வேலையைச் செய்தது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1958இல் வீர்சா சிங் வழக்கில் சொன்னதைத்தான் இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வயிற்றில் ஈட்டியால் ஒரே ஒரு குத்து. நான் சாகடிக்க நினைக்கவில்லை, இவ்வளவு பாரதூரமான காயம் என்று எனக்குத் தெரியாது என்பதுதான் வாதம். நீதியரசர் விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. அந்த இடத்தில் அந்தக் காயத்தை ஏற்படுத்த நினைத்தானா, அல்லது கை தவறிப் பட்டதா, அதுதான் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மனதைப் பற்றிய கேள்வி. அந்தக் காயம் சாகடிக்கப் போதுமானதா என்பது வைத்தியர் சொல்ல வேண்டிய கேள்வி, அது எதிரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் அநியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், வயிற்றில் ஈட்டியைச் செருகிவிட்டு "இவ்வளவு ஆழமாகப் போகும் என்று நினைக்கவில்லை" என்று சொல்வதை வேறு எப்படித்தான் கையாள்வது?

இனி மனதை எப்படி வாசிப்பது. யாரும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை, பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உள்ளேயே விடாது. அதனால் நீதிமன்றம் வெளியில் தெரிகிறதை வைத்து உள்ளே இருந்ததை ஊகிக்கிறது. என்ன ஆயுதம், அது ஏற்கெனவே கையில் இருந்ததா அல்லது எடுக்கப் போனானா, உடம்பில் எந்த இடம், எத்தனை தரம், எவ்வளவு விசை, விழுந்த பிறகும் அடித்தானா, என்ன சொல்லிக்கொண்டு அடித்தான், பிறகு ஓடினானா, ஆட்டோ பிடித்தானா.

நம் மண்வெட்டிக்காரரை இதில் போட்டுப் பாருங்கள். வயலில் நிற்கிறவன் கையில் மண்வெட்டி இருப்பது சாதாரணம், அது ஆயுதமாகக் கொண்டுவந்தது இல்லை. வாய்ப்பக்கத்தால் போட்டாரா, பின்பக்கத்தாலா? வாய்ப்பக்கம். சரி, அது எதிராகப் போகும். ஆனால் ஒரே அடி, அதுவும் காலில். தலை கழுத்து நெஞ்சு எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கக் காலில் போட்டவனின் எண்ணம் கொல்வதா? எதிரித் தரப்புச் சட்டத்தரணி இதை விடவே மாட்டார், திரும்பத் திரும்ப வைத்தியரிடம் கேட்பார், "வெட்டு மேலிருந்து கீழா, பக்கவாட்டிலா?" கேட்டுக்கொண்டிருக்கிற சொந்தக்காரர்களுக்கு எரிச்சல் வரும், செத்த ஆளைக் காலும் சென்றிமீற்றருமாகப் பிரித்துப் பேசுகிறார்களே என்று. அந்தக் கோணத்தில்தான் அவன் உயிர் தொங்குகிறது.

"கொண்டு போடுவன் என்று சொன்னவன் சேர்!" சாட்சிக் கூண்டில் இதைச் சொல்லாத உறவினரே இல்லை. நம் பக்கத்தில் மாடு பயிரில் இறங்கினாலும் கொண்டு போடுவன், பிள்ளை சோதனையில் புள்ளி குறைந்தாலும் கொண்டு போடுவன். நீதிபதிக்கும் அது தெரியும். எப்போது, யாரிடம், என்ன தொனியில், அதற்குப் பிறகு என்ன செய்தான் என்பதோடு சேர்ந்தால்தான் அந்த வார்த்தைக்கு எடை.

அதேபோல் பகை. காணி வழக்கு இருந்தது, கலியாணப் பேச்சு குழம்பியது, தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றான் என்று ஒரு பெரிய பட்டியல் வரும். அது ஏன் செய்தான் என்பதற்கான பதில், சாட்சியமாக எடுக்கலாம், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. என்ன செய்ய நினைத்துச் செய்தான் என்பது வேறு. பத்து வருடப் பகை இருக்கிறவன் காலை முறிக்கவும் நினைக்கலாம். பகையே இல்லாதவன் ஐந்து நிமிடத்தில் கொல்ல முடிவெடுக்கவும் கூடும். பகையை நிரூபித்தால் எண்ணம் நிரூபணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பழைய கடிதம், பழைய முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்தது, கொலை என்றே வைத்துக்கொண்டாலும் 294இல் விதிவிலக்குகள் இருக்கின்றன. கடுமையான திடீர்க் கோபமூட்டல் ஒன்று, திடீர்ச் சண்டை இன்னொன்று. திடீர்ச் சண்டைக்கு முன்கூட்டிய திட்டம் இருக்கக்கூடாது, சூட்டோடு சூடாக நடந்திருக்க வேண்டும், ஆள் நியாயமில்லாத வாய்ப்பை எடுத்திருக்கவோ கொடூரமாக நடந்திருக்கவோ கூடாது. யார் முதலில் தொடங்கினது என்பது இதில் முக்கியமே இல்லை. இரவு பத்து மணி வாய்க்கால் சண்டை இதில் அப்படியே போய்ப் பொருந்தும். அதே ஆள் வாயடித்துவிட்டு வாடிக்குப் போய்க் கத்தி எடுத்து வந்திருந்தால்? வாடிக்கும் வாய்க்காலுக்கும் எத்தனை யார் என்பது வழக்கின் மையமாகிவிடும். போன நேரம், தேடின நேரம், திரும்பி நடந்த நேரம், இவ்வளவுக்குள் சூடு ஆறியிருக்க வேண்டுமே என்று அரச சட்டத்தரணி கேட்பார். இந்த விதிவிலக்குகளை நிறுவும் பாரம் எதிரிக்குத்தான், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. ஆனால் அவர் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று தராசு கொஞ்சம் சாய்ந்தால் போதும்.

குடி பற்றி ஒரு வார்த்தை. "வெறியில செய்தவன்" என்று சொன்னால் தப்பலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு, "வெறியில செய்தால் இன்னும் கூடத் தண்டனை" என்று எதிர் நம்பிக்கையும் உண்டு. இரண்டும் பிழை. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காமல் இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே தண்டனைச் சட்டக்கோவையின் 79ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அறிவு என்றுதான் அதில் இருக்கிறது, எண்ணத்தைப் பற்றி அந்த இடத்தில் அது அப்படிச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வாதம் நடக்கும்: ஒரு எண்ணத்தை உருவாக்கவே முடியாத அளவு வெறியா? கசிப்புக் குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, கேற்றைத் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெட்டினவனுக்கு இது சரிவராது. சரிவந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது, கொலை கைமோசக் கொலையாக இறங்கும், அவ்வளவுதான்.

இன்னொரு நோய் நம்மிடம் இருக்கிறது. ஒருவன் வெட்டியிருப்பான், முறைப்பாட்டில் அண்ணன் தம்பி மச்சான் என்று ஐந்து பேர். ஐந்து பேரையும் பிடிக்கக் கோவையின் 32ஆம் பிரிவு வேண்டும், அதாவது பொது எண்ணம். சும்மா கூட நின்றது போதாது. 1945இல் பிரிவிக் கவுன்சில், அதாவது அப்போது நம் வழக்குகளும் இந்திய வழக்குகளும் கடைசியாகப் போய்ச் சேர்ந்த லண்டன் மேன்முறையீட்டு மன்றம், மஹ்பூப் ஷா வழக்கில் இதைத்தான் சொன்னது. சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டிக்கொண்டு படகில் வந்தவர்களோடு தகராறு, இரண்டு பேர் துவக்கோடு வந்தார்கள், ஒருவர் சுட்டதில் ஆள் செத்தார், மற்றவர் சுட்டது இன்னொருவருக்குக் காயம். கூட வந்த மஹ்பூப் ஷாவுக்கும் கொலைக் குற்றம் என்று லாகூரில் தீர்ப்பு. பிரிவிக் கவுன்சில் அதை உடைத்தது: ஒரேமாதிரி எண்ணம் இரண்டு பேருக்கும் இருந்தது என்றால் அது போதாது, இருவரும் சேர்ந்து வகுத்த ஒன்றாக அது இருக்க வேண்டும். நாணலுக்குப் பதிலாக வைக்கோல் என்று போட்டால் அது நம் ஊர்க் கதை. ஐந்து பேரை மாட்டினால் வழக்குப் பலக்கும் என்று நினைத்துச் சாட்சிகள் ஐவர் கையிலும் கத்தி இருந்ததாகச் சொல்வார்கள், பிரேத பரிசோதனையில் ஒரே ஒரு வெட்டு இருக்கும், அந்த ஒரு பொய்யால் உண்மையில் வெட்டினவனுக்கு எதிரான சாட்சியமும் ஆட்டம் காணும்.

எண்ணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. தம்பிக்கு ஓங்கின பொல்லு இடையில் விழுந்த தாயின் தலையில் பட்டால்? தாயைக் கொல்ல நினைக்கவில்லை என்பது உண்மைதான், அது உதவாது. 295ஆம் பிரிவு அந்த எண்ணத்தை அப்படியே தாயின் மேல் மாற்றி வைக்கும். தம்பி செத்திருந்தால் என்ன குற்றமோ அதே குற்றம்.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. 19ஆம் நாள் செத்தது மண்வெட்டியாலா, சீனியாலா, ஆஸ்பத்திரியாலா?

எதிரியின் வீட்டார் எப்போதும் சொல்வது, "வெட்டுக் காயம் ஆறினது, ஆள் சீனியில செத்தவர்." இதற்கு 293ஆம் பிரிவின் விளக்கங்களே பதில் வைத்திருக்கின்றன. ஏற்கெனவே நோய் உள்ள ஒருவருக்குக் காயம் விளைவித்து அதனால் மரணத்தைத் துரிதப்படுத்தினால், மரணத்தை விளைவித்ததாகவே கொள்ளப்படும். நல்ல வைத்தியம் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தப்பிக்கும் வழியல்ல, அதற்கும் தனியாக ஒரு விளக்கம் இருக்கிறது. அதாவது நீங்கள் வெட்டுகிற ஆளை அவர் எந்த உடம்போடு நிற்கிறாரோ அந்த உடம்போடுதான் எடுக்க வேண்டும், நோயில்லாத ஆளைத் தெரிவு செய்து வெட்டும் வசதி கிடையாது. இங்கிலாந்தில் 1975இல் ஒரு வழக்கு, கத்தியால் குத்தப்பட்ட 18 வயதுப் பெண் தன் மத நம்பிக்கையால் இரத்தம் ஏற்ற மறுத்துச் செத்தாள். அவளுடைய பிடிவாதம்தானே காரணம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உடம்பு மட்டுமில்லை, நம்பிக்கையும் அந்த ஆளோடு சேர்ந்தே வருகிறது. நம் பக்கம் பாதியில் துண்டு வெட்டிக்கொண்டு பரிசாரியிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள்தானே, அதைக் காட்டி மட்டும் எதிரி இலகுவில் கழன்றுவிட முடியாது.

சங்கிலி அறுபடவே அறுபடாதா என்றால், அறுபடும். இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகளைப் பக்கத்தில் வைத்தால் போதும். 1956இல் ஒன்று: குத்துக் காயம் பெரும்பாலும் ஆறிவிட்டது, நோயாளிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகும் டெராமைசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், நரம்பு வழியாக அளவுக்கு மீறித் திரவம் ஏற்றினார்கள், நியூமோனியா வந்து செத்தார். கொலைத் தீர்ப்பு இரத்தானது. 1959இல் மற்றது: படைமுகாமில் சிப்பாய்களுக்குள் சண்டை, குத்துப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் வழியில் இரண்டு தரம் கீழே போட்டார்கள், மருத்துவ நிலையத்திலும் பிழையான சிகிச்சை. இருந்தும் கொலைத் தீர்ப்பு நின்றது, ஏனென்றால் அவர் சாகும்போதும் அந்தக் குத்துக் காயம் வேலை செய்துகொண்டிருந்தது. ஆகக் கேள்வி ஆஸ்பத்திரியில் பிழை நடந்ததா என்பதே இல்லை. மூச்சு அடங்கிய நேரத்தில் காயம் இன்னும் உயிரோடு இருந்ததா, அதுதான்.

அதனால் நம் கதையில் தீர்மானிப்பது ஒரு கட்டுக் கடதாசி. வார்டில் கட்டிலோடு தொங்குகிற அந்த அட்டைக் கோப்பு, எல்லாரும் பி.எச்.ரி. (பெட் ஹெட் ரிக்கற்) என்கிறது. எந்த நாள் காய்ச்சல், எந்த நாள் சீழ், சீனி எவ்வளவு ஏறினது, எந்த மருந்து எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து. காயத்திலிருந்து காய்ச்சல் வரை, காய்ச்சலிலிருந்து மரணம் வரை நாள் விடாமல் கோடு இழுக்க முடிந்தால் சங்கிலி இருக்கிறது. நடுவில் நான்கு நாள் வெறுமையாக இருந்தால் எதிரித் தரப்புக்கு அந்த நான்கு நாளே போதும்.

சட்ட வைத்திய அதிகாரியின் படிவத்தில் காயத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: சாதாரண காயம், கடுங்காயம், உயிருக்கு ஆபத்தானது, இயற்கையின் சாதாரண போக்கில் மரணத்தை விளைவிக்கக்கூடியது. கடைசி இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கோடுதான், ஆனால் ஏணியில் அது பல படி. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். கூண்டில் வைத்தியர் "லைக்லி" (வரக்கூடும்) என்பார், பிறகு "சபிஷியன்ட்" (போதுமானது) என்பார், மொழிபெயர்ப்பில் இரண்டும் "மரணம் ஏற்படலாம்" என்று ஒரே கஞ்சியாக வந்து விழுவதை நான் கேட்டிருக்கிறேன். முன்னது கைமோசக் கொலைக்குப் போகிற சொல், பின்னது தூக்குக்குப் போகிற சொல். பின்வாங்கில் இருந்த சொந்தக்காரர்களுக்கு அந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரியாது.

இப்போது மண்வெட்டிக் கதையை முடிக்கலாம். மரணத்துக்குக் காரணம் வெட்டு, அதில் அரச தரப்பு வெல்லும். ஆனால் கொலையா? இங்கே நம் நாட்டுக் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1952இல் சொன்ன ஒன்று குறுக்கே வரும். காயத்தின் உடனடி விளைவாக அன்றி, பிறகு வந்து சேர்ந்த ஒரு நிலையால் ஆள் செத்தால், மூன்றாம் வகைக் கொலை என்று சொல்வதற்கு இரண்டு படியும் நிரூபிக்கப்பட வேண்டும். அந்தக் காயத்திலிருந்து அந்த நிலை வருவதற்கு மிகப் பெரிய வாய்ப்பு இருந்தது, அந்த நிலையிலிருந்து மரணம் வருவதற்கும் மிகப் பெரிய வாய்ப்பு இருந்தது, இரண்டும் இயற்கையின் சாதாரண போக்கில். வரக்கூடும் என்ற அளவு போதாது. முழங்காலுக்குக் கீழே ஒரு வெட்டு, கிருமி இரத்தத்தில் ஏறுவது சாதாரண போக்கா? எந்த வைத்தியரும் இலகுவில் "ஓம்" என்று சொல்லமாட்டார். அப்போது மூன்றாம் வகை போய்விட்டது. இரண்டாம் வகையில் பிடிக்க வேண்டுமென்றால் அவருக்குச் சீனி என்றும் அதனால் இந்தக் காயமே அவரைச் சாகடிக்கக்கூடும் என்றும் எதிரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். செத்தவருக்குச் சீனி இருப்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரிந்திருக்கும், கூடவே கிளினிக்குக்கும் போயிருப்பார்கள். அதைத் தாண்டி, அந்த இருட்டில், அந்தக் கோபத்தில் அவர் இதையெல்லாம் நினைத்து வெட்டினார் என்று நிரூபிப்பது யாரால் முடியும்? பெரும்பாலும் கைமோசக் கொலைக்கு இறங்கும். மரணம் வரக்கூடும் என்ற அறிவுகூட இல்லை என்று நீதிபதி கண்டால் கடுங்காயத்தோடு நின்றுவிடவும் கூடும். 19 நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த குடும்பத்துக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த என்னால் முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1910இல் இங்கிலாந்தில் ஒரு மகன் தாயின் பானத்தில் நஞ்சு கலந்தான், அந்தத் தாய் கொஞ்சம் குடித்தபடி மாரடைப்பால் செத்துக் கிடந்தாள், நஞ்சு வேலை செய்யவே இல்லை. கொல்லும் எண்ணம் நூற்றுக்கு நூறு, காரணத் தொடர்பு பூச்சியம். கொலை முயற்சி மட்டும்தான்.

படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கம் காட்டோர வயல்களிலும் இப்போது வேறு ஒரு வகை வருகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யானைக்கும் பன்றிக்கும் என்று மின்சாரத்தைக் களவாக இழுத்து வேலிக் கம்பியில் விடுவது, கட்டுத்துவக்கு வைப்பது. விடியப்புறம் மாடு தேடிப் போனவன் அதில் மாட்டிச் சாகிறான். யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை, அது உண்மை. கோவையின் 293இல் ஒரு உதாரணமே இருக்கிறது: கோழியைச் சுட்டுக் களவெடுக்க நினைத்துச் சுட்டவன், பற்றைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் அவரைச் சாகடித்தால் அது குற்றமுறை மனிதக்கொலை ஆகாது. அப்போ கம்பிக்காரனும் அப்படியா? அவனுக்கு ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்று தெரியும். இரவில் போட்டு விடியக் கழற்றுகிறான், அயல்காரனிடம் "ராவில இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லியும் வைத்திருக்கிறான். நல்ல மனதோடு சொன்ன அந்தச் சொல்தான் வழக்கில் அவனுக்கு எதிராக நிற்கும், ஆள் வரக்கூடும், வந்தால் சாகக்கூடும் என்ற அறிவு இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அறிவு என்று வந்துவிட்டால் 298இன் கவனயீனத்தோடு நிற்காது, 297க்கு ஏறும், சில நேரம் 294இன் நான்காம் வகையின் வாசல் வரைக்கும் போகும்.

கடைசியாக, நம் ஆட்கள் கைநழுவ விடுகிற இரண்டு விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாளில் செத்தால் "வருத்தத்தில மோசம் போனார்" என்று அன்றே அடக்கம் செய்துவிடுகிறார்கள். அடிபட்ட ஆள் எத்தனை நாள் கழித்துச் செத்தாலும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிய வேண்டும், பிரேத பரிசோதனை இல்லாவிட்டால் காரணத் தொடர்பு என்ற பாதி வழக்கு குழிக்குள் போய்விடும். பிறகு நீதவான் கட்டளையோடு தோண்டி எடுத்தாலும் மண்ணுக்குள் கிடந்த உடம்பு எல்லாவற்றையும் சொல்லாது.

மற்றது, வெட்டுப்பட்டவர் சொன்ன வார்த்தை. இங்கிலாந்தில் சாகப்போகிறேன் என்ற நினைப்போடு சொன்னால்தான் மரண வாக்குமூலம் எடுபடும் என்றொரு விதி இருந்தது, நம் 32ஆம் பிரிவு (இது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32, பொது எண்ணத்தினது வேறு) அதைக் கேட்பதில்லை. ஆட்டோவில் மச்சானிடம் சொன்னதும் சாட்சியம்தான். பேச வேண்டும் என்றும் இல்லை. 1930களில் இலங்கையிலிருந்து பிரிவிக் கவுன்சில் வரை போன ஒரு வழக்கில், கழுத்து அறுபட்டுப் பேச முடியாத ஒரு பெண் கையால் சைகை காட்டியதையும் கேட்ட கேள்விக்குத் தலையாட்டியதையும் ஏற்றுக்கொண்டார்கள். "யார் வெட்டினது" என்று மட்டும் எல்லாரும் கேட்கிறோம், அது ஏற்கெனவே தெரியும். என்ன நடந்தது, எப்படி வெட்டினான், என்ன சொல்லிக்கொண்டு வெட்டினான், அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி ஒரு துண்டில் எழுதி நேரத்தையும் போட்டு வைத்திருந்தால் போதும்.

அந்த மாமியின் வழக்கில் அன்றைக்கும் தவணைதான். இடமாற்றலாகிப் போன வைத்தியர் வந்து சேரவில்லை. அடுத்த திகதியைக் கையிலேயே பேனையால் எழுதிக்கொண்டு களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஏறிப் போனார்.